ஒரு பேருக்கு இரண்டு நாற்காலி

குடத்துப்பாளையத்தில் அந்த வருஷம் தை மாதம் தொடங்கிப் பங்குனி வரைக்கும், பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, உலோகக் கலைகளைப் பற்றிய பொதுச் சொற்பொழிவுகள் நடந்தன என்பதும், அந்தப் பேச்சைக் கேட்பதற்கு ஊரிலுள்ள பாத்திரங்களில் வெட்டியிருந்த பேர்களெல்லாம் பாத்திரத்தை விட்டு இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தன என்பதும் சுற்றுப்பட்டு பதினெட்டு ஊருக்கும் தெரிந்த சமாச்சாரம். அந்த நாற்காலிகளை மாராத்தாள் என்ன பேரம் பேசிக் கொடுத்தாள், அந்தப் பேரம் அவள் கழுத்தையே எப்படிச் சுற்றியது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாராத்தாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணமோ, காதுகுத்தோ, கருமாதியோ, அண்டா குண்டாவிலிருந்து ஜல்லிக்கரண்டி, ஜமுக்காளம், நாற்காலி வரைக்கும் அவளுடைய வாடகைப் பாத்திரக் கடையிலிருந்துதான் போயாக வேண்டும். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவள். மிச்சப் படிப்பை அவளை ஏமாற்றியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். கரண்டி நெளிந்து திரும்பி வந்தால் கரண்டியைப் பார்க்க மாட்டாள், கொண்டு வந்தவன் கண்ணைப் பார்ப்பாள். அவளிடம் பேரம் பேசி ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு போனவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து, சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கோபம் அவளுக்கு வெயில் மாதிரி, தினமும் வரும், யார் மேலும் விழும். ‘எவன் வீட்டு அரைக்கரண்டிக்கும் கை நீட்டாமல் மேலே வந்தவள்’ என்று ஊர் அவளைப் பற்றிச் சொல்லும், சொல்லாவிட்டால் அவளே சொல்வாள்.

அது பொய் என்று அந்த ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள். இன்னொன்று அவளுடைய அக்கா பாவாத்தாள்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், கட்டியவன் வேறொருத்தியோடு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட அந்த வருஷத்தில், மாராத்தாள் பாத்திரச் சந்தை வாசலில் சாக்கை விரித்துச் சின்ன உளியும் சுத்தியும் வைத்துக்கொண்டு பேர் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் பேர் வெட்டாத பாத்திரம் வீட்டுக்குள் நுழையாது. சீருக்கு வாங்கினாலும், செத்தவர் நினைவுக்கு வாங்கினாலும், கோயிலுக்கு உபயம் கொடுத்தாலும் புள்ளி புள்ளியாகப் பேரைக் குத்தி வாங்கினால்தான் அது பாத்திரம், இல்லாவிட்டால் வெறும் தகரம். அவளுடைய அப்பன் நாச்சிமுத்துவும் பேர் வெட்டியவர்தான்; மூத்தவள் கல்யாணத்துக்கு, நூறு பேருக்குச் சோறு வடிக்கிற பித்தளை அண்டா ஒன்றைச் சீராகக் கொடுத்து, அதன் விளிம்புக்குக் கீழே ‘பாவாத்தாள்’ என்று தன் கையால் வெட்டியிருந்தார். இளையவள் கல்யாணத்தின்போது அவரிடம் வெட்டுவதற்குக் கை இருந்தது, அண்டா இல்லை.

அந்த அண்டாவை மாராத்தாள் பட்டப்பகலில், உச்சிவேளையில், ஊரே கோயிலில் ஒரு தாலிகட்டுக்குக் கூடியிருந்த நேரத்தில், அக்கா வீட்டுக் கொட்டகையிலிருந்து உருட்டிக்கொண்டு போனாள். அண்டா போன சத்தம் மேளச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. சமையலுக்குப் போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரே சாயங்காலத்தில் இரண்டு எழுத்தை மாற்றினாள். ‘ப’ ‘ம’ ஆயிற்று, ‘வ’ ‘ர’ ஆயிற்று, பாவாத்தாள் மாராத்தாள் ஆயிற்று. மறுநாள் பாவாத்தாள் வந்து தெருவில் நின்று கேட்டபோது, ‘எழுத்துத் தெரியுமல்ல, படிச்சுப் பாரு’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். தெரு படித்துப் பார்த்தது. அப்பன் பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொரு அண்டா கொடுத்திருப்பார், மூத்தவள் தன்னுடையதைத் தொலைத்துவிட்டுத் தங்கச்சியுடையதற்கு ஆசைப்படுகிறாள் என்று தெரு தீர்ப்புச் சொன்னது. அன்றைக்குப் பாவாத்தாளுக்குப் பொய்க்காரி என்று பேர் வந்தது. அது பாத்திரத்தில் வெட்டிய பேர் இல்லை என்பதால் புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அந்த ஒரு அண்டாவை வாடகைக்கு விட்டு, அது இன்னொரு அண்டாவை ஈன்று, அப்படித்தான் மாராத்தாளின் கடை வளர்ந்தது. அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

உலோகக் கலை மன்றத்தின் செயலாளர் புலவர் அவிநாசியப்பன் நாற்காலி கேட்டு வந்த அன்று, மாராத்தாள் அந்த முதல் அண்டாவில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். புலவர் ரிட்டயர் ஆன தமிழாசிரியர். எழுத்து எங்கே இருந்தாலும் வாய்விட்டுப் படிக்காமல் அந்த இடத்தைத் தாண்ட மாட்டார். பன்னிரண்டு ஞாயிற்றுக்கும் நூற்றிருபது நாற்காலி, கலைக்காக, வாடகை இல்லாமல் வேண்டும் என்றார்.

“யாரு யாரு பேசறாங்க?” என்றாள் மாராத்தாள்.

அவர் பட்டியலைப் படித்தார். செப்புத் திருமேனிகளைப் பற்றி ஒரு பேராசிரியர், கலப்பு உலோகம் பற்றி ஒரு இஞ்சினியர், உலோகமும் ஆன்மிகமும் பற்றி ஒரு சாமியார், நகைக் கலை பற்றி ஒரு அம்மையார், இப்படிப் பதினொரு பேர், எல்லோரும் வெளியூர்.

“உள்ளூர்க்காரங்க?”

“தலைமை தாங்கறவங்க, முன்னிலை வகிக்கறவங்க எல்லாம் உள்ளூருதானுங்க.”

“பேரு வெட்டறதப் பத்தி?”

புலவர் தொண்டையைச் செருமினார். “அது வந்துங்க அம்மிணி, கலையில சேராது. அது ஒரு வேலை.”

மாராத்தாள் எழுந்து நின்றதும் புலவர் ஒரு அடி பின்னால் போனார். அடுத்த அரைமணி நேரம் நடந்த பேரத்தில் கலை என்ன வேலை என்ன என்பது பற்றி மன்றத்தின் கருத்து மாறியது. நாற்காலி பன்னிரண்டு வாரமும் சும்மா. பதிலுக்குப் பன்னிரண்டாவது ஞாயிறு மாராத்தாளுக்கு. பத்தாவது வேண்டாம், ஏழாவது வேண்டாம், கடைசிதான் வேண்டும், ஏனென்றால் கடைசியில் பேசுகிறவருக்குத்தான் பொன்னாடை. ‘பேர் வெட்டும் கலை: தன் கையே தனக்குதவி என்று உயர்ந்த திருமதி மாராத்தாள்’ என்று நோட்டீஸ் அடித்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வணிகர் சங்க மாடியில் மைக்செட்காரரையும் சேர்த்து ஒன்பது பேர். பேராசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு செம்பின் தொன்மையைத் தொடங்கிய பத்தாவது நிமிஷம், மாடிப்படியில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்டது. பேர்கள் வந்துகொண்டிருந்தன. குடத்திலிருந்தும் குத்துவிளக்கிலிருந்தும், எவர்சில்வர் டம்ளரிலிருந்தும் அரிசி டிரம்மிலிருந்தும் புள்ளிகள் எறும்பு மாதிரி வரிசை கட்டி இறங்கி, தெருவில் சைக்கிளுக்கு ஒதுங்கி, படியேறி, எழுத்து எழுத்தாக ஒழுங்குபட்டு, பேர் பேராக நாற்காலியில் உட்கார்ந்தன. ‘கி. பழனாத்தாள்’ வந்தது. ‘செ. கு. வேலுச்சாமிக் கவுண்டர் நினைவாக’ வந்தது. கோயில் மணியிலிருந்து ‘உபயம்: ஆயில் மில் குடும்பத்தார்’ தாமதமாக வந்து, முன்வரிசை கிடைக்கும்வரை நின்றுகொண்டே இருந்தது. நாற்காலிக்குப் பத்துப் பன்னிரண்டு என்று நெருக்கி உட்கார்ந்தும் இடம் பற்றவில்லை. அரங்கு நிரம்பி வழிவதைப் பார்த்த பேராசிரியர் பூரித்துப் போய் அரைமணி நேரம் கூடுதலாகப் பேசினார். ஆறரைக்குக் கூட்டம் முடிந்ததும் பேர்கள் கலைந்து வந்த வழியே போய் அவரவர் பாத்திரத்தில் ஏறிக்கொண்டன. புலவர் மன்றத்துக் குறிப்பேட்டில், ‘வருகை: நேரில் ஒன்பது பேர், பேராக ஆயிரத்து நானூறு பேர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஊர் இதை இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை நாலிலிருந்து ஆறரை வரைக்கும் எந்தப் பாத்திரத்துக்கும் சொந்தக்காரர் கிடையாது என்பதால் அந்த நேரத்தில் யாரும் இரவல் கொடுப்பதில்லை. கொடுக்காவிட்டாலும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அந்த நேரமாகப் பார்த்து வந்தார்கள். ஜோசியர் தினசரித் தாளில் ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே ‘பேரில்லா நேரம்’ என்று ஒரு வரி சேர்த்தார். புதுப் பாத்திரம் வாங்கியவர்கள் ஊர்ப் பேர், குலப் பேர், பட்டப் பேர் எல்லாம் சேர்த்து நீளமாக வெட்டச் சொன்னார்கள், நாற்காலியில் நிறைவாக இருக்கும் என்று. போன ஆடியில் புருஷனைப் பறிகொடுத்த செல்லாத்தாள் ஞாயிறுதோறும் தலை பின்னிப் பூ வைக்காமல் வந்து, அவர் பேர் உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வாரத்துச் செய்தியெல்லாம் சொன்னாள், எருமை சினையானதுவரை. இஞ்சினியர் கலப்பு உலோகத்தின் உருகுநிலையைச் சொல்லும்போது இது இடைஞ்சலாக இருக்கிறது என்று ஒருவர் ஆட்சேபித்தார். மற்றவர்கள் எருமையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாலாவது வாரம் அழிந்த பேர்கள் வந்தன.

அவை மெலிந்திருந்தன, புள்ளிகளுக்கு ஆழமில்லை, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடியும். இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத குடத்திலிருந்து, பாகம் பிரிக்கும்போது காணாமல் போன தாம்பாளத்திலிருந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்துவிட்டு மேலே வேறு பேர் வெட்டிய போகணியிலிருந்து, பழைய பேர்கள் ஒன்றொன்றாக ஏறி வந்து, கூச்சத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்தன. திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் ஊரில் ஒரே கூச்சல். என் அம்மா பேர் உன் வீட்டுக் குடத்திலிருந்து எப்படி வந்தது என்று கேட்டவனிடம், உன் வீட்டுச் செம்பிலிருந்து என் பெரியப்பன் பேர் வந்ததே என்று பதில் வந்தது. புதன்கிழமை வாக்கில் கேட்கிற யோக்கியதை யாருக்குமே இல்லை என்று தெரிந்து போயிற்று. வியாழக்கிழமை யாரும் போடாமலே ஒரு சட்டம் வந்தது: பின்வரிசையைப் பார்க்கக் கூடாது. அடுத்த ஞாயிறு தலையைத் திருப்ப நேர்ந்தவர்கள் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டார்கள். சாமியார் அன்றைக்குப் பற்றற்ற நிலை பற்றிப் பேசினார், அரங்கமே மேலே பார்ப்பதைக் கண்டு தன் பேச்சு வேலை செய்கிறது என்று மகிழ்ந்தார்.

மாராத்தாளின் முதல் அண்டாவிலிருந்து மட்டும் பேர் அசையவில்லை. முதலில் அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. ‘என்ற பேருக்கு ஊர் மேயற வேலையில்லை’ என்றாள். ஆனால் ஆறாவது வாரம் உற்றுப் பார்த்தபோது புள்ளிகள் துடிப்பது தெரிந்தது. உள்ளே இரண்டு பேர் இழுத்துக்கொண்டிருந்தன. ‘பாவா’ ஒரு பக்கம், ‘மாரா’ ஒரு பக்கம், பின்னால் ‘த்தாள்’ ஒன்றே ஒன்று. எந்தத் தலை கிளம்பினாலும் இன்னொரு தலை வாலை விடவில்லை. எட்டாவது வாரம் இரண்டு தலையும் ஒரே திசையில் போகக் கற்றுக்கொண்டு அண்டாவின் விளிம்பு வரைக்கும் வந்தன. ஒன்பதாவது வாரம் கடை வாசல். பத்தாவது வாரம் சங்கத்துப் படிக்கட்டு வரைக்கும், பதினோராவது வாரம் பாதிப் படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. இந்தக் கணக்கில் அது நாற்காலியில் வந்து உட்காரப் போகிற நாள், தான் மேடையில் நிற்கப் போகிற நாள்தான் என்று மாராத்தாளுக்குத் தெரிந்து போயிற்று. அழித்த பேர் என்றால் பின்வரிசை, மின்விசிறியைப் பார்த்துக்கொள்வார்கள். இது அழித்ததும் இல்லை, அழிக்காததும் இல்லை. எங்கே உட்காரும்? ஊர் என்ன படிக்கும்? மூன்றாவது வரிசை ஓரத்தில் ஆறாவது வாரத்திலிருந்து யாரோடும் பேசாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற பாவாத்தாள் என்ன செய்வாள்?

முதலில் புலவரிடம் போய், தனக்குப் பல்வலி, பன்னிரண்டாவது ஞாயிற்றை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். நோட்டீஸ் போய்விட்டது, பொன்னாடைகூட வாங்கியாகிவிட்டது, நிறம் வேண்டுமானால் மாற்றலாம் என்றார் அவர். பேருக்கு மேலே எம்-சீல் வைத்துப் பூசினாள். புள்ளிகள் அதைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து நின்றன. கடைசியில் சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, அண்டாவுக்கு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வேறு வழியில்லாமல் பேரம் பேசினாள். கோயிலுக்குப் புது மணி வாங்கி அதில் ‘பாவாத்தாள்’ என்று தனியாக வெட்டி விடுவதாகச் சொன்னாள். ‘பாவா’ அசையவில்லை. பெரிய எழுத்து, இரட்டைப் புள்ளி என்றாள். அசையவில்லை. சரி, உபயம் என்று முன்னால் போட்டுக்கொள் என்றாள். முப்பத்தொரு வருஷ வியாபாரத்தில், விலை சொல்லாத ஒரு கிராக்கியை அவள் அப்போதுதான் பார்த்தாள். அதற்கு மேல் இறங்குவதற்கு அவளுக்குப் படி இல்லை.

பன்னிரண்டாவது ஞாயிறு மாடி கொள்ளவில்லை. நேரிலும் கூட்டம், பேராகவும் கூட்டம். மாராத்தாள் பட்டுச்சேலை கட்டி, மேடையில் மைக்கைப் பிடித்து நின்று, வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் படியில் அந்தச் சத்தம் கேட்டது, தனியாக, ஒரே ஒரு பேர் வருகிற சத்தம். இரண்டு தலையும் ஒரு வாலுமாக அது நடு வழியில் வந்தது. பின்வரிசைக்குப் போகவில்லை. நேராக முன்வரிசைக்கு வந்து, ஆயில் மில் குடும்பத்தாரை நகர்த்திவிட்டு, ஒரு தலை ஒரு நாற்காலியிலும் இன்னொரு தலை அடுத்த நாற்காலியிலுமாக, வாலை நடுவில் தொங்கவிட்டு உட்கார்ந்தது.

அரங்கம் மொத்தமும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தது. புலவரால் மட்டும் முடியவில்லை. எழுத்து கண்ணில் பட்டுவிட்டது. “பாவா... மாரா... த்தாள்” என்று கூட்டிப் படித்துவிட்டு, இயைபு நயத்தை ரசித்துத் தலையாட்டினார்.

மாராத்தாள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அங்கே ஒருத்தி மட்டும் மின்விசிறியைப் பார்க்கவில்லை, பேரையும் பார்க்கவில்லை, மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாராத்தாளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, ஆனால் வந்தது, உச்சந்தலை வரைக்கும் வந்தது.

“எல்லாரும் எதுக்கு மோட்டப் பாக்கறீங்க? கீழ பாருங்க. அது என்ற அண்டாவுல இருந்துதான் வருது. என்ற அண்டா இல்ல, எங்கக்கா அண்டா. நான் எடுத்துட்டுப் போய் எழுத்த மாத்துனேன். அவ பொய் சொல்லலை. நீங்கதான் அவளப் பொய்க்காரின்னீங்க, நான் சொல்ல வெச்சேன்.”

யாரும் அசையவில்லை. சொன்னது போதவில்லையோ, நம்பவில்லையோ என்று நினைத்து மாராத்தாள் விவரமாகச் சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்லக் கை தானாக வேலை செய்தது. மேடை மேலிருந்த எவர்சில்வர் தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு காட்டினாள். ‘ப’ சுலபம், வலது காலை உள்பக்கமாக வளைத்து அடியில் கொண்டு வந்து சேர்த்தால் ‘ம’, ஒன்பது புள்ளி. ‘வ’தான் வேலை. வெளியே கட்டையைக் கொடுத்து உள்ளேயிருந்து தட்ட வேண்டும், ஓங்கித் தட்டினால் பித்தளை வீங்கும், மெதுவாகத் தட்டினால் புள்ளி சாகாது. அப்புறம் உப்புத்தாள், அப்புறம் புளியும் சாம்பலும், அப்புறம்தான் ‘ர’.

“துணைக்காலையும் ‘த்தாளை’யும் நான் தொடலை. அது எங்கப்பன் வெட்டுனது. அவரு புள்ளி ஆழம். அந்தப் பக்கத்துல என்ற உளி போச்சுன்னா பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சுபோகும். அதனால அப்பன் கையெழுத்து பாதி, என்ற கையெழுத்து பாதி. அப்படித்தான் எடுத்தேன்.”

சொல்லி முடித்துவிட்டு, கல்லோ செருப்போ எது வந்தாலும் வாங்கிக்கொள்வதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

வந்தது கைதட்டல். முதலில் ஒருவர், அப்புறம் எல்லோரும், எழுந்து நின்று தட்டினார்கள். பன்னிரண்டு வாரமாக எவனெவனோ உலோகத்தைத் தொடாமலே பேசிவிட்டுப் போனான், இன்றைக்குத்தான் ஒரு விஷயம் தெரிந்துகொண்டோம் என்றார்கள். பேர்கள் நாற்காலிகளில் குதித்த சத்தம் ஆலங்கட்டி மழை மாதிரி இருந்தது. பின்வரிசைப் பேர்கள்தான் அதிகம் குதித்தன. புலவர் வாழ்த்துரையில், எழுத்துகள் தோன்றுவதும் திரிவதும் கெடுவதும் நம் இலக்கணம் அனுமதித்ததுதான், அம்மையார் செய்தது திரிதல் விகாரம், அதைக் களவு என்பது மொழி தெரியாதவர் பேச்சு என்றார். பொன்னாடை போட்டார்கள். முன்னாலிருந்து ஒருவர் எழுந்து, ‘த’வை ‘ந’ ஆக்குவதற்கு எத்தனை புள்ளி பிடிக்கும் என்று பணிவாகக் கேட்டார். நன்றியுரை நடந்துகொண்டிருக்கும்போது பாவாத்தாள் எழுந்து, கை தட்டாமல், படியிறங்கிப் போனாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷமாகப் பொய்க்காரி என்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் மாராத்தாள் கடையைத் திறந்தபோது தெருமுனை வரைக்கும் வரிசை நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாத்திரம், ஒவ்வொன்றிலும் இன்னொருவர் பேர். மச்சாண்டார் வீட்டுக் குடம், சித்தி வீட்டுத் தாம்பாளம், ஓரகத்தி வீட்டுக் குத்துவிளக்கு. அவள் துடைப்பத்தை எடுத்தாள். அவர்கள் அதைக் கலைஞர்களுக்கே உரிய சுபாவம் என்று சொல்லிக்கொண்டு செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார்கள். அவள் வணிகர் சங்கத் தலைவரிடம் போய், நான் திருடி, என்னைச் சங்கத்திலிருந்து தள்ளி வையுங்கள் என்றாள். அவர் டீ வரவழைத்துக் கொடுத்து, மேடையில் சொன்னது பேச்சுதானுங்களே, அதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா என்று சமாதானம் சொன்னார். சொற்பொழிவுகள் முடிந்துவிட்டதால் மற்றப் பேர்களெல்லாம் பாத்திரங்களில் ஏறி நிலைத்துவிட்டன. அந்த இரட்டைத் தலைப் பேர் மட்டும் எங்கும் போகாமல் முன்வரிசை நாற்காலி இரண்டிலும் உட்கார்ந்தே இருந்தது. மன்றம் கூடி அதை ஆயுள் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

வாங்க வேண்டியதை வாங்காமல் மாராத்தாளால் எந்த வியாபாரத்தையும் முடிக்க முடிந்ததில்லை. புதன்கிழமை பதினோரு மணிக்குக் குட்டியானை வண்டியில் அண்டாவை ஏற்றிக்கொண்டு, முப்பத்தொரு வருஷமாகக் கால் வைக்காத வடக்குத் தெருவுக்குப் போனாள்.

பாவாத்தாள் வெளியே வந்தாள். தங்கச்சியைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், பேர் இருந்த இடம் வெறுமையாக மின்னுவதைப் பார்த்தாள். உள்ளே வை என்று தலையை மட்டும் அசைத்தாள்.

அண்டா உள்ளே போகவில்லை. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் பாவாத்தாள் மகன் கட்டியிருந்த வீட்டுக்கு ஒற்றைக் கதவு. நேராகப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கவிழ்த்துப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் வந்து அண்டாவை நசுக்காமல் வளைக்கலாம் என்று வழி சொன்னார். பக்கத்துவீட்டுக்காரர் கதவு நிலையைப் பெயர்க்கலாம் என்றார். மாராத்தாள் நிலையைப் பெயர்ப்பதுதான் சரி என்று கடப்பாரை கேட்டாள். தெரு முழுக்கக் கூடி, யார் வீட்டுக் கதவு எத்தனை அகலம் என்று பேசத் தொடங்கியது. இத்தனையையும் கேட்டுக்கொண்டு நின்ற பாவாத்தாள் சட்டென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தாள்.

“எங்க ஊட்டு நெலையப் பேத்துக் குடுப்பயா நீ? திருட்டுக் கழுத. இந்த நெல வெக்கறதுக்கு முன்னால கொண்டாந்திருந்தீன்னா உள்ள போயிருக்குமல்லடி. எத்தன வருசம்டி ஒக்காந்து தின்ன அதுல? தெருவே என்னைப் பொய்க்காரின்னுது, நீ கடைக்குள்ள ஒக்காந்து கேட்டுட்டு இருந்தயே, திருட்டுக் கழுத!”

ஒருவர் அண்ணாந்தார், மேலே மின்விசிறி இல்லை, வானம்தான் இருந்தது.

மாராத்தாள் கடப்பாரையைக் கீழே போட்டாள். வாசலில் கவிழ்ந்து கிடந்த அண்டாவின் மேல் உட்கார்ந்தாள். மூன்று நாளாக ஊரில் யாரும் அவளைக் கூப்பிடாத பேர் அது.

“இன்னொருக்காச் சொல்லுக்கா” என்றாள்.

பாவாத்தாள் சொன்னாள். தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, மூச்சு வாங்கி, நிறுத்தி, ஒரு எழுத்தும் குறையாமல் சொன்னாள்.